முட்டையில்லாத பாஸ்கா

எதைச் சாப்பிடக் கூடாது என்று யாருக்காவது சந்தேகம் வந்தால் ஜெர்மனியின் டோர்ட்மண்ட் நகரில் அந்தக் காலத்தில் ஒரே ஓர் ஆளிடம்தான் கேட்பார்கள். அவர் அக்கா. எனக்கு மட்டுமல்ல, அவரைவிட மூத்தவர்களுக்கும் அவர் அக்காதான். எதைச் சாப்பிடலாம் என்று யாரும் அவரிடம் கேட்டதாக எனக்கு நினைவில்லை. அது அவருடைய துறை அல்ல.

கந்தசஷ்டி வந்துவிட்டால் அவருடைய போன் ஓயாது. ட்ராமில் கம்பியைப் பிடித்து நின்றபடியே தீர்ப்புச் சொல்லுவார். பால் குடிக்கலாம், பிஸ்கட் தோய்க்கக் கூடாது. உருளைக்கிழங்கு பொரிக்கலாம், கடையில் பொரித்தது கூடாது. ஏன் என்று கேட்பவர்கள் புதியவர்கள். பழையவர்கள் வாயைத் திறக்கமாட்டார்கள். கேட்டால் இன்னும் இரண்டு ‘கூடாது’ சேர்ந்து வரும் என்று அவர்களுக்குத் தெரியும். யாழ்ப்பாணத்திலிருந்து அகதியாகப் புறப்பட்டபோது மாற்றுச் சேலைகூட எடுக்கவில்லை என்று அக்கா சொல்லுவார். விரதங்களை மட்டும் ஒன்றுவிடாமல் எடுத்து வந்திருந்தார்.

பிறந்தநாள் வீடுகளில் எல்லோரும் கேக்கைப் பார்ப்பார்கள். அக்கா கேக் வந்த பெட்டியைத் தேடுவார். குப்பைக் கூடையிலிருந்து அதை எடுத்து, மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, பொடி எழுத்துகளை வரி வரியாக வாசிப்பார். வீட்டு வாடகைக் கடிதத்தை வாசிக்க அவருக்கு ஜெர்மன் போதாது. ஆனால் ஜெலட்டினை எந்தப் பெயரில் ஒளித்து வைத்தாலும் பிடித்துவிடுவார். “மாட்டெலும்பு” என்று ஒரே சொல்தான் சொல்லுவார். அத்தோடு விருந்து முடிந்தது. அவரைக் கூப்பிடாமல் விட்டிருக்கலாமே என்று நீங்கள் நினைக்கலாம். விட்டுப் பார்த்தவர்கள் உண்டு. அந்த வீட்டில் என்னத்தை மறைக்கிறார்கள் என்று ஊரே பேசிவிட்டது.

நான் மன்னாரைச் சேர்ந்த கத்தோலிக்கப் பெண். அது என்னைக் காப்பாற்றவில்லை. என்னுடைய தவக்காலத்தையும் அக்கா தன் நிர்வாகத்துக்குள் எடுத்துக்கொண்டார். வெள்ளிக்கிழமைகளில் நாங்கள் இறைச்சி சாப்பிடுவதில்லை, மீன் சாப்பிடுவோம் என்று ஒருநாள் தெரியாத்தனமாகச் சொல்லிவிட்டேன். “மீன் என்ன பிள்ளை, மரத்திலயே காய்க்குது?” என்று கேட்டார். மானம் காக்க, கோப்பிக்குச் சீனி போடாமல் தவம் இருக்கிறேன் என்றேன். நாங்கள் ஒரே இடத்தில் வேலை செய்தோம்; அன்றிலிருந்து இடைவேளைகளில் கோப்பி இயந்திரத்தின் பக்கத்தில் வந்து நிற்பார். என் கையையே பார்ப்பார். அந்த வருடம்தான் நான் முதன்முதலாக ஒரு தவக்காலத்தை ஒழுங்காக முடித்தேன். தவக்காலம் முடிந்து ஆண்டவர் உயிர்த்த பாஸ்கு ஞாயிறன்று தானே என் கோப்பையில் சீனியை அள்ளிப் போட்டுக் கலக்கித் தந்தார். பாகு மாதிரி இனித்தது. குடித்தேன்.

எங்களோடு வேலை செய்த துருக்கிக்காரர் ஒருவர் நோன்பு மாதத்தில் குப்பைத் தொட்டிகளுக்குப் பின்னால் ஒளிந்து நின்று சிகரெட் பிடிப்பார். கடவுளுக்கு எதுவும் மறையாது என்பது அவருக்குத் தெரியும். அவர் ஒளிந்தது அக்காவுக்கு.

நாங்கள் மூவரும் வேலை செய்தது ஒரு யூத முதியோர் இல்லத்தில். துருக்கிக்காரர் சலவைப் பகுதியில், நான் இரண்டாம் மாடியில் பராமரிப்பில், அக்கா சமையலறையில் உதவியாள். ஜெர்மனியில் எத்தனையோ வேலைகள் இருக்க அக்காவுக்கு அந்த வேலை கிடைத்ததை இன்றைக்கும் நான் சும்மா தற்செயல் என்று நம்புவதில்லை. அங்கே பாலும் இறைச்சியும் ஒன்றையொன்று பார்க்கக்கூடக் கூடாது. இரண்டு கழுவுதொட்டி, இரண்டு அலமாரி, இரண்டு தொகுதிப் பாத்திரம். தன் வீட்டில் மீன், இறைச்சி சமைக்கும் மச்சச் சட்டி வேறு, மரக்கறிச் சட்டி வேறு என்று பிரித்து வைத்ததற்காக மருமகளிடம் பேச்சு வாங்கிக்கொண்டிருந்தவர் அக்கா. இங்கே அதற்குச் சம்பளம் கொடுத்தார்கள்.

சமையல் சமயச் சட்டப்படி நடக்கிறதா என்று பார்க்க, சபையிலிருந்து ஒரு மேற்பார்வையாளர் வருவார். தாடி, கறுத்தத் தொப்பி, பன்னிரண்டு மாதமும் மூக்கொழுகும் தடிமன். அவர் அக்காவுக்கு ஒரு பொறுப்பைக் கொடுத்திருந்தார். ஒவ்வொரு முட்டையையும் கண்ணாடிக் குவளையில் தனியாக உடைத்துப் பார்க்க வேண்டும், ஒரு பொட்டு ரத்தம் இருந்தாலும் வீச வேண்டும். அக்கா சேலைத் தலைப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டு குவளையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார். பெரிய சமையல்காரரிடம் சந்தேகம் கேட்பவர்களை மேற்பார்வையாளர், அந்த அம்மாவிடம் கேளுங்கள் என்று திருப்பி அனுப்பத் தொடங்கினார். அது அவர் செய்த பிழை. டோர்ட்மண்டுத் தமிழர்கள் செய்த அதே பிழை.

இவ்வளவு சட்டமும் யாருக்காக நடந்ததோ, அவர்களுக்குத்தான் அது தெரியாது. அங்கிருந்த முதியவர்களில் அநேகர் உக்ரைனிலிருந்தும் ரஷ்யாவிலிருந்தும் வயதான காலத்தில் வந்து சேர்ந்தவர்கள். பொறியியலாளர்கள், கணக்கு ஆசிரியைகள், பல் வைத்தியர்கள். கடவுளைப் பற்றிப் பேசினால் வேலை போகும் நாட்டில் வேலை செய்து ஓய்வு பெற்றவர்கள். வெண்ணெய் பூசிய பாணில் சொசேஜை வைத்துத் தரும்படி கேட்பார்கள். “உங்கட சமயத்தில அது கூடாது” என்று அவர்களுக்கு முதன்முதலாகச் சொன்னவர் நெற்றியில் திருநீறு பூசிய ஒரு யாழ்ப்பாணத்துப் பெண். அவர்களும் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டார்கள். மேலிடத்திலிருந்து வரும் உத்தரவை எதிர்த்துப் பேசி அவர்களுக்குப் பழக்கமில்லை.

அக்கா வந்த பிறகு வந்த முதல் பாஸ்காவில்தான் இந்தக் கதை நடந்தது. நாங்கள் வேதாகமத்தில் பாஸ்கா என்று வாசித்ததை அங்கே பெசாக் என்பார்கள். எட்டு நாளைக்குப் புளித்த மா எதுவும் வீட்டுக்குள் இருக்கக் கூடாது. பாண், கேக், பிஸ்கட், நூடில்ஸ் எல்லாம் போய், மட்சா என்ற புளிக்காத தட்டை வரும். அட்டையைக் கடிப்பது போல இருக்கும். அரிசியும் கூடாது, பருப்பு வகையும் கூடாது என்று மேற்பார்வையாளர் சொன்னார். உழுந்தும் கூடாதோ என்று அக்கா கேட்டார். மேற்பார்வையாளருக்கு உழுந்து என்னவென்று தெரியாது, எதற்கும் கூடாது என்று வைத்துக்கொள்ளுங்கள் என்றார். கடுகும் கூடாது என்று கேட்டபோது அந்தச் சமயத்தின் மேல் அக்காவுக்கு இருந்த மரியாதை இரண்டு மடங்கானது. “கடுகு வரைக்கும் போயிருக்கினம் பிள்ளை, எங்கட ஆக்களுக்கு இந்த யோசினை வரேல்லை” என்று என்னிடம் ஏக்கத்தோடு சொன்னார்.

பிறகு தேடுதல் நடந்தது. பாண் தூள் ஒன்றுகூட மிஞ்சக் கூடாது என்பது சட்டம். மற்றவர்கள் தூசி உறிஞ்சியோடு போனார்கள். அக்கா தையல் ஊசியோடு போனார். மேசை மடிப்புகளையும் பாண் வாட்டும் ரோஸ்டரின் கம்பிகளையும் குத்திக் கிளறினார். கிழவர்களின் கோட்டுப் பைகளைத் திருப்பிப் போட்டு உதறினார். தலையணைகளுக்குக் கீழிருந்து எடுத்த பிஸ்கட்டுகளில் ஒரு கடை வைத்திருக்கலாம். என் மாடியில் உக்ரைனின் ஒடெசா நகரத்து முதியவர் ஒருவர் இருந்தார். அந்த ஒடெசாக்காரர் செஸ் பெட்டிக்குள் கறுத்தப் பாண் துண்டு ஒன்றை வைத்திருந்தார். அக்கா அதை மணத்தைக்கொண்டே கண்டுபிடித்தார்.

மிச்சமிருந்த மூடைகளையும் பெட்டிகளையும் என்ன செய்வது? அதற்கும் அவர்களிடம் வழி இருந்தது. ஓர் அறையில் போட்டுப் பூட்டி, யூதர் அல்லாத ஒருவருக்கு எட்டு நாளைக்கு விற்றுவிட வேண்டும். பெயருக்குத்தான், பிறகு திருப்பி வாங்கிக்கொள்வார்கள். வாங்கும் ஆளாக மேற்பார்வையாளர் அக்காவைத் தெரிவு செய்தார். அக்கா பெயருக்கு வாங்குகிற ஆளா? அந்த அறைப் பூட்டின் திறப்பைத் தன் சட்டையில் ஊசி குத்தி மாட்டிக்கொண்டார். இல்லத்தின் பாண் முழுவதற்கும் சொந்தக்காரி ஆனார். இனி யார் வந்து கெஞ்சினாலும் ஒரு துண்டு வெளியே வராது.

எனக்குக் கவலையெல்லாம் ஒடெசாக்காரரைப் பற்றித்தான். மனைவி இறந்ததிலிருந்து அவர் மத்தியானமும் இரவும் தட்டைத் தள்ளிவிடுவார். காலையில் மட்டும் கறுத்தப் பாணும் அவித்த முட்டையும் சாப்பிடுவார். அந்த ஒரு நேரத்தில்தான் அந்த உடம்பு ஓடிக்கொண்டிருந்தது. இனியும் எடை இறங்கினால் ஆஸ்பத்திரிக்கு அனுப்பிக் குழாய் வழியாக உணவு கொடுக்க வேண்டியிருக்கும் என்று வைத்தியர் சொல்லியிருந்தார். குழாய் போட்டால் பிடுங்கி எறிவேன் என்று கிழவர் சொல்லியிருந்தார். செய்யக்கூடிய மனுஷன்தான். பாண் போனால் போகட்டும், முட்டை இருக்கிறதே என்று நான் மனதைத் தேற்றிக்கொண்டேன்.

பண்டிகையின் முதல் இரவு பெரிய விருந்து நடந்தது. கோழி சூப், மீன், உப்புத் தண்ணீரில் அவித்த முட்டை. விருந்து முடிந்த கையோடு பெரிய சமையல்காரர் ஈரத் தரையில் வழுக்கி இடுப்பைப் பிடித்துக்கொண்டார். அடுத்த நாள் காலைச் சாப்பாடு முழுவதும் அக்காவின் கையில் வந்தது. மேற்பார்வையாளரிடம் கேட்கவும் முடியாது. பண்டிகை நாளில் சமைக்கலாம், போன் எடுக்கக் கூடாது. அந்த விதியையும் அக்கா மிகவும் மெச்சினார்.

காலையில் சாப்பாட்டு மண்டபத்துக்குப் போன நான் மலைத்துப்போனேன். குறை சொல்ல முடியாது, மனுஷி இராசாத்தி மாதிரிச் சமைத்திருந்தார். மட்சாவை இடித்துத் தூளாக்கி, சுடுதண்ணீர் தெளித்து, தேங்காய்ப்பூப் போட்டு, புதுத் துணியில் கட்டி ஆவியில் அவித்து ஒரு புட்டு. அதற்கு வாழைப்பழமும் சீனியும். கடுகில்லாமல், வெங்காயமில்லாமல் ஓர் உருளைக்கிழங்குப் பிரட்டல். கறுவாத் தூள் போட்டு அவித்த அப்பிள். எல்லாம் இருந்தது. முட்டை இல்லை. கணக்கு ஆசிரியை ஒருத்தி மேசையைச் சுற்றிப் பார்த்துவிட்டு, தங்கள் ஊரிலும் முட்டை இப்படித்தான் காரணம் சொல்லாமல் காணாமல் போகும் என்று பக்கத்துக் கதிரையில் இருந்தவரிடம் சொன்னார். இருவரும் தேத்தண்ணீரை எடுத்துக்கொண்டார்கள்.

ஒடெசாக்காரர் புட்டைக் கரண்டியால் ஒருதரம் குத்திப் பார்த்தார். அது உதிர்ந்தது. எழும்பி அறைக்குப் போய்ச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

நான் சமையலறை வாசலுக்கு ஓடினேன். பராமரிப்பாளர்கள் உள்ளே கால் வைக்கக் கூடாது. அக்கா உள்ளே, நான் வெளியே. ஒடெசாக்காரருக்கு ஒரு முட்டை அவித்துத் தரும்படி கேட்டேன்.

“விரத நாளில முட்டையோ?” என்றார் அக்கா.

இது விரதம் என்று யார் சொன்னது என்று கேட்டேன். அக்கா என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். பாண் இல்லை, சோறு இல்லை, பருப்பு இல்லை, எட்டு நாள் காப்பு. இதற்கு வேறு என்ன பெயர்? போதாததற்கு அன்று சித்திரைப் பறுவம். தாயை இழந்தவர்கள் தாயை நினைத்து விரதம் இருக்கும் பூரணை நாள். அக்காவும் தன் தாய்க்காக அன்று பச்சைத் தண்ணீர்கூடப் படாமல் நின்றார். அதே பூரணையில் இவர்களும் தொடங்குகிறார்கள் என்றால் கணக்குச் சரியாகத்தானே இருக்கிறது?

நேற்றிரவு முட்டை கொடுத்தார்களே என்றேன். அது முந்தின நாள், விரதத்துக்கு முந்தின நாள் இருக்கிற மச்சத்தையெல்லாம் சாப்பிட்டு முடிப்பதுதானே வழக்கம், ஊரில் பார்த்ததில்லையா என்றார். வேதாகமத்தில் பாஸ்காவுக்கு ஆடே அடித்துச் சாப்பிட்டிருக்கிறார்கள் என்று என் கடைசி அம்பையும் விட்டேன்.

“எப்ப அடிச்சவை?”

“இரவு.”

“அதைத்தான் நானும் சொல்லுறன்.”

எனக்கு அழுகை வந்துவிட்டது. அவர் காலையில் மட்டும்தான் சாப்பிடுகிற மனுஷன், நாளைக்குத் தராசில் ஏற்றப்போகிறார்கள் என்று சொன்னேன். அக்காவின் முகமும் வாடித்தான் போனது. அவருக்கு இரக்கம் இல்லாமல் இல்லை. “ரத்தம் இருக்கோ எண்டு அவையே ஒவ்வொண்டா உடைச்சுப் பாக்கச் சொல்லினம். அப்ப அது உயிர்தானே பிள்ளை. அந்தக் கிழவன்ர விரதத்தை நான் உடைக்க ஏலாது. அந்தப் பாவத்தை நான் எங்க கொண்டுபோய்க் கழுவுறது?” என்றார். முட்டைகள் இருந்த குளிர்பெட்டிக்கு முன்னால் போய் நின்றுகொண்டார். அந்த நேரத்தில் அவரை எனக்குப் பிடிக்கவேயில்லை. யாருடைய கடவுளுக்காகவோ யாருடைய வயிற்றையோ காயப்போடும் உரிமையை இந்த மனுஷிக்குக் கொடுத்தவர்கள் நாங்கள் எல்லோரும்தான் என்று நினைத்துக்கொண்டேன்.

மத்தியானம் தொழுகை முடிந்து மேற்பார்வையாளர் மழையில் நனைந்துகொண்டு நடந்தே வந்தார். பண்டிகை நாளில் வாகனமும் கூடாது. நான் வாசலிலேயே பிடித்து விஷயத்தைச் சொன்னேன். அவர் நேரே அக்காவிடம் போனார். கோபிக்கவில்லை. இது விரதம் இல்லை அம்மா, அடிமைத்தனத்திலிருந்து விடுதலையான நாள், பெரிய விருந்து, முட்டைதான் இந்த எட்டு நாளும் எங்களைக் காப்பாற்றும் சாப்பாடு என்றார். தன் வீட்டில் காலையில் மட்சாவை உடைத்து முட்டையில் ஊறவைத்து வெண்ணெயில் பொரிப்பார்கள், அதற்காகவே பிள்ளைகள் பண்டிகைக்குக் காத்திருப்பார்கள் என்றும் சொன்னார்.

அக்கா சுவரைப் பிடித்துக்கொண்டார். பிழை பிடிபட்ட வெட்கம் அல்ல அது. “விருந்து நாளில அவ்வளவு பேரையும் காயப்போட்டிட்டன்” என்றார். திரும்பவும் அதையே சொன்னார். பிறகு சேலையைச் செருகிக்கொண்டு குளிர்பெட்டியைத் திறந்தார்.

அவித்து உரித்த முட்டையை அக்காவே தட்டில் வைத்து மேலே கொண்டுவந்தார். நானும் மேற்பார்வையாளரும் பின்னால் போனோம். நான் ஒடெசாக்காரரை நிமிர்த்தி இருத்தினேன். அக்கா கட்டிலின் கால்மாட்டில் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். சாப்பிட்டு முடிக்கும்வரை போகப்போவதில்லை என்பது தெரிந்தது. கிழவர் கரண்டியை எடுத்தார். அக்காவின் காய்ந்த உதட்டைப் பார்த்தார். இந்தப் பெண் சாப்பிட்டாளா என்று என்னிடம் கேட்டார். இல்லை, இறந்துபோன தாய்க்காக இன்று பட்டினி இருக்கிறார் என்றேன்.

கரண்டியைக் கீழே வைத்துவிட்டார்.

தன் அரைகுறை ஜெர்மனில் மெதுவாகச் சொன்னார். எதிரில் பசியோடு ஒருத்தி நிற்கும்போது தனக்குச் சாப்பிட வராது. அப்படிச் சாப்பிட்டவர்களைச் சின்ன வயதில், போர்க் காலத்தில் நின்று பார்த்திருக்கிறாராம். நான் அதை அக்காவுக்கு விளக்கி, வெளியே போகச் சொன்னேன். அதற்கும் கிழவர் வேண்டாம் என்று தலையாட்டினார். வெளியே நின்றாலும் பசி பசிதானே என்றார். மேற்பார்வையாளர் ஏதோ சொல்ல வந்து மூக்கைச் சிந்திக்கொண்டார்.

அக்கா கதிரையை இழுத்துக் கட்டிலோரம் இருந்தார். கிழவர் கரண்டி நுனியால் முட்டையை இரண்டாகப் பிளந்து, ஒரு பாதியை அக்காவின் பக்கம் தள்ளினார். அக்கா அதையே பார்த்துக்கொண்டிருந்தார். எத்தனையோ பேருக்கு வழியை அடைத்தவர், முதன்முறையாக ஒரு வழி தேடுவதை நான் பார்த்தேன். நெற்றியில் திருநீறு வியர்வையில் கரைந்து இறங்கியது. எனக்கு அவர்மேல் இருந்த கோபமெல்லாம் போய்விட்டது. பாவமாக இருந்தது.

பிறகு நகத்தால் மஞ்சள் கருவை மெல்லக் கிளப்பி எடுத்துக் கிழவரின் பக்கம் வைத்தார். வெள்ளையைக் கையில் எடுத்தார்.

“வெள்ளையில உயிர் இல்லைப் பிள்ளை. மச்சம் எல்லாம் மஞ்சளிலதான்” என்றார். எல்லோருக்கும் தீர்ப்புச் சொல்லும் அதே குரல். கண்ணை மூடி, உதட்டுக்குள் அம்மா என்றுவிட்டு, வெள்ளையை வாயில் போட்டு மெல்லாமல் விழுங்கினார்.

கிழவர் தன் பாதியைச் சாப்பிட்டார். அக்கா ஒதுக்கிய மஞ்சளையும் சாப்பிட்டார். தட்டில் ஒட்டியிருந்ததை விரலால் வழித்துச் சாப்பிட்டார். இன்னொன்று கிடைக்குமா என்று கேட்டார். நான் மொழிபெயர்ப்பதற்குள் அக்கா எழும்பிவிட்டார். கதவடியில் நின்று என்னைத் திரும்பிப் பார்த்தார்.

“அடுத்ததின்ர வெள்ளையை நீர் தின்னும். எனக்கு இனி ஏலாது.”